விண்டோஸ் 11 பக்கத்திலேயே லினக்ஸ்: அப்டேட் வந்தால் அழிந்துவிடுமா?

கேள்வி: 8 நவம்பர் 2025

லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கிறது. 512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுதான், ரேம் 16 ஜிபி. கணக்கு மென்பொருள் ஒன்றுக்காக விண்டோஸ் கண்டிப்பாக வேண்டும், புரோகிராமிங் படிக்க லினக்ஸ் வேண்டும். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் (ஓஎஸ்) வைக்கும் டூயல் பூட் போடலாம் என்றால், தெரிந்தவர் ஒருவர் "வேண்டாம், விண்டோஸ் அப்டேட் வரும்போதெல்லாம் லினக்ஸைத் தின்றுவிடும்" என்கிறார். உண்மையா? விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஒரு நிரல் போல ஓட்டும் வர்ச்சுவல் மெஷினோடு நிறுத்திக்கொள்ளவா?

8 நவம்பர், இரவு

தின்னாது. தாராளமாகப் போடலாம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு வரும் குழப்பத்தில் பாதி குறையும்.

பயாஸ் என்பது ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டில் இருக்கும் நிரல். பழைய பயாஸ் காலத்தில் ஓஎஸ்ஸைக் கிளப்பும் நிரல், அதாவது பூட்லோடர், டிஸ்க்கின் முதல் செக்டாரில் இருக்கும். மொத்த இடமே 512 பைட். பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) அட்டவணை போக நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட். அங்கே ஒருவர்தான் உட்கார முடியும். லினக்ஸ் போட்ட பிறகு விண்டோஸை மறுபடி போட்டால் லினக்ஸின் பூட்லோடரான கிரப் நிச்சயமாகப் போய்விடும். உங்களுக்குச் சொன்னவர் அந்தக் காலத்தில் அடிபட்டவராக இருந்தால், அவர் சொன்னது அன்றைக்குச் சரி.

விண்டோஸ் 11-ஓடு வந்த லேப்டாப் என்றால் பயாஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐதான் (அதன் அமைப்புத் திரையை இன்றும் பயாஸ் என்றே சொல்கிறோம்). டிஸ்க்கில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று சின்னதாக ஒன்று இருக்கும், ஃபேட்32 வடிவத்தில். அதற்குள் மைக்ரோசாஃப்ட் பெயரில் ஒரு ஃபோல்டர். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு போட்டால் உபுண்டு என்று இன்னொரு ஃபோல்டர். ஒன்றின் மேல் ஒன்று எழுத வேண்டிய அவசியமே இல்லை. இதில் எதை முதலில் கிளப்புவது என்ற வரிசை டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டில் இருக்கும் சின்ன நினைவகத்தில் இருக்கிறது. பெரிய அப்டேட் ஒன்று வந்தபின் பெரும்பாலும் நடப்பது இவ்வளவுதான்: அந்த வரிசையில் விண்டோஸ் மேலே ஏறிக்கொள்கிறது. லினக்ஸ் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். ஆன் செய்ததும் நேராக விண்டோஸ் வந்து நிற்பதால் ஜனங்கள் "போச்சு" என்று முடிவுகட்டி, முதலிலிருந்து மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள். தரவு அழிவது அந்த இன்ஸ்டாலில்தான். இதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இங்கே எழுத வந்தேன்.

வர்ச்சுவல் மெஷின் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

9 நவம்பர்

பென்டிரைவைக் கையில் எடுப்பதற்கு முன்னால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரைப் பாருங்கள். வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

"நான் அதை ஆன் செய்யவே இல்லையே" என்பீர்கள். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அதுவாகவே ஆன் ஆகிறது. ஹோம் பதிப்பில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் இருக்கும், உள்ளே இருப்பது அதே பிட்லாக்கர்தான். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குள் போனால் தெரியும்.

என் சித்தப்பா பையன் ஒருநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஏதோ வீடியோவில் லினக்ஸ் போட, கையெழுத்தான பூட்லோடரை மட்டும் கிளம்ப விடும் செக்யூர் பூட்டை ஆஃப் செய்யச் சொன்னார்களாம். செய்தான். ஆன் செய்தால் நீலத் திரை. ரெகவரி கீ கேட்கிறது: 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுக் கட்டு. அந்தக் கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்க வேண்டும். இவன் கணக்கில் இல்லை. லேப்டாப்பை விற்றவர்களே ஏதோ ஒரு கணக்கைப் போட்டு ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறார்கள், அது எது என்று அவர்களுக்கே நினைவில்லை. பிள்ளை முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தான், புராஜெக்ட் முழுக்க உள்ளே. நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்தேன். கீ கேட்காமல் விண்டோஸ் வந்துவிட்டது.

காரணம் எளிது. பிட்லாக்கரின் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப், கணினி கிளம்பும் விதத்தை அளந்து வைத்திருக்கிறது. அளவு மாறினால் சாவியைத் தராது. பழைய நிலைக்குக் கொண்டுபோனால் அளவு பொருந்தும், தந்துவிடும். அதனால் நீலத் திரையைப் பார்த்து யாராவது "ஃபார்மேட்தான் வழி" என்றால் கேட்காதீர்கள். கடைசியாக எதை மாற்றினீர்களோ அதை முதலில் திருப்பி வையுங்கள்.

அதோடு, அந்த 48 இலக்கத்தைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் சேமித்து வைத்துப் பயனில்லை.

9 நவம்பர், கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பிட்லாக்கரை முழுதாக நீக்கிவிட்டுத்தான் லினக்ஸ் போட வேண்டும் என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். தேவையில்லை. பயாஸில் கை வைக்கும் முன் தற்காலிகமாக நிறுத்தி வைத்தால் போதும், சஸ்பெண்ட் என்று அதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. லேப்டாப் தொலைந்துபோனால் உங்கள் கோப்புகளைக் காப்பாற்றும் பூட்டு அது. அதை ஒரேயடியாகக் கழற்றிப் போட எனக்கு மனம் வராது. சில டிஸ்ட்ரோக்களின், அதாவது லினக்ஸ் வகைகளின், இன்ஸ்டாலர் மட்டும் பிட்லாக்கர் இருக்கும் டிஸ்க்கைப் பார்த்தால் மேலே போக மறுக்கும். அப்போது வேறு வழியில்லை.

10 நவம்பர்

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கிறது.

விண்டோஸ் 8-லிருந்து ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை. ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் அணைகிறது. அந்த நேரத்தில் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவப் பார்ட்டிஷன் பாதி திறந்த நிலையில் இருக்கும். லினக்ஸிலிருந்து அதைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது, சில சமயம் திறக்கவே மறுக்கும். அப்படி மறுப்பது நல்லதற்குத்தான். வலுக்கட்டாயமாக எழுதினால், விண்டோஸ் திரும்ப எழும்போது தன் நினைவில் இருப்பதும் டிஸ்க்கில் இருப்பதும் வேறாக இருக்கும், கோப்புகள் கெடும்.

லினக்ஸில் வைஃபை வேலை செய்யவில்லை என்று வருபவர்களிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான். விண்டோஸ் அரைத்தூக்கத்தில் விட்டுப்போன வைஃபை கார்டை லினக்ஸ் எழுப்ப முடியாமல் திணறுவது உண்டு.

ரீஸ்டார்ட் கொடுத்தால் முழுதாக அணைந்து எழும், ஷட் டவுனுக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும்.

12 நவம்பர்

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "சி டிரைவில் 300 ஜிபி காலியாக இருக்கிறது. லினக்ஸுக்கு இடம் வெட்ட டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஷ்ரிங்க் கொடுத்தால் சொற்ப இடம்தான் தருகிறேன் என்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?"

கெடவில்லை. விண்டோஸ் சில கோப்புகளை ஓடிக்கொண்டிருக்கும்போது நகர்த்தாது. பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது உதவும் கோப்பு), ஹைபர்னேஷன் கோப்பு (அணைக்கும்போது நிலையை எழுதி வைப்பது), சிஸ்டம் ரெஸ்டோர் பிரதிகள். இதில் ஏதாவது ஒன்று டிரைவின் நடுவிலோ கடைசியிலோ உட்கார்ந்திருந்தால், அதற்கு முன்னால் எத்தனை ஜிபி காலியாக இருந்தாலும் வெட்டு அதைத் தாண்டி வராது. ஹைபர்னேஷனை அணையுங்கள், பேஜ் ஃபைலைத் தற்காலிகமாக இல்லாமல் செய்யுங்கள், சிஸ்டம் புரொடெக்ஷனை நிறுத்துங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், பிறகு ஷ்ரிங்க் கொடுத்துப் பாருங்கள். எண் சட்டென்று ஏறும். வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலையும் சிஸ்டம் புரொடெக்ஷனையும் பழையபடி வைத்துவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

சி டிரைவைச் சுருக்கும் வேலையை விண்டோஸ் கையாலேயே செய்யுங்கள். லினக்ஸ் இன்ஸ்டாலராலும் முடியும், ஆனால் தன் வீட்டுச் சுவர் எங்கே நகர்ந்தது என்பது விண்டோஸுக்குத் தெரிந்தே நடக்கட்டும்.

சுருக்கியதும் வரும் கறுப்புப் பட்டை அப்படியே இருக்கட்டும். "நியூ வால்யூம்" கொடுத்து டி டிரைவ் ஆக்கிவிடாதீர்கள், அன்அலகேட்டட் என்றே கிடந்தால்தான் லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு அது காலியிடம் என்று புரியும். பக்கத்தில் ரெகவரி என்று ஒரு துண்டு இருக்கும், அதைத் தொட வேண்டாம்.

எவ்வளவு ஒதுக்குவது? படிக்கும் வேலைக்கு 100 ஜிபி தாராளம். 60-லும் ஓட்டலாம், ஆனால் பின்னால் பெரிதாக்குவது தொல்லை பிடித்த வேலை. 512 ஜிபி வாங்கினால் 476 என்று காட்டுகிறதே என்று கேட்க வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

15 நவம்பர்

இன்னொருவர்: "இன்ஸ்டாலருக்கு என் டிஸ்க்கே தெரியவில்லை. பென்டிரைவ் மட்டும்தான் காட்டுகிறது."

இன்டெல் லேப்டாப்களில் இது சகஜம். பயாஸில் ஸ்டோரேஜ் இன்டெலின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற நிலையில் இருக்கும், அதைப் பொதுவான ஏஎச்சிஐ நிலைக்கு மாற்றச் சொல்வார்கள். சரிதான், ஆனால் நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் தன் டிஸ்க்கைக் கண்டுபிடிக்க முடியாமல் நீலத் திரையில் விழும். வரிசை முக்கியம். முதலில் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள். அடுத்து, அடுத்த முறை சேஃப் மோடில் கிளம்பும்படி விண்டோஸிடம் சொல்லுங்கள், எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் பூட் பக்கத்தில் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து தேவையான டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும். பிறகு சேஃப் மோடு குறியை எடுத்துவிட்டு இயல்பாகக் கிளப்புங்கள்.

சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் கடவுச்சொல் கேட்கலாம். கணக்கின் கடவுச்சொல்லை முன்கூட்டியே நினைவுபடுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

16 நவம்பர்

பென்டிரைவ் பற்றிச் சுருக்கமாக. இன்ஸ்டால் பென்டிரைவைத் தயார் செய்ய ரூஃபஸ், வென்டாய் எதுவானாலும் சரி. இறக்கிய ஐஎஸ்ஓவின் (லினக்ஸ் இன்ஸ்டால் கோப்பு) செக்சம்மை, அதாவது கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் எண்ணை, சரிபாருங்கள், பாதியில் நின்றுபோன கோப்பை வைத்துக்கொண்டு இன்ஸ்டாலரைத் திட்டுபவர்கள் நிறைய. பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றதில் போனால் லினக்ஸ் பழைய பயாஸ் முறையில் உட்காரும், விண்டோஸ் யூஇஎஃப்ஐயில் இருக்கும், ஒன்றின் மெனுவில் மற்றது வரவே வராது.

பென்டிரைவிலிருந்தே லைவாகக் கிளப்பி, இன்ஸ்டால் கொடுக்கும் முன் கொஞ்ச நேரம் புழங்கிப் பாருங்கள். வைஃபை, சத்தம், டச்பேட், மூடித் திறந்தால் எழுகிறதா, எல்லாம். அப்புறம் தனி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப்.

19 நவம்பர்

கேள்வி கேட்டவர் போட்டு முடித்துவிட்டார், வாழ்த்துகள். இப்போது அவர் கேள்வி: "கிரப் மெனுவில் உபுண்டு மட்டும் இருக்கிறது, விண்டோஸைக் காணோம். போய்விட்டதா?"

பாருங்கள், அதே பயம் இந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. போகவில்லை. மற்ற ஓஎஸ்களைத் தேடிப் பட்டியலில் சேர்க்கும் வேலையை ஓஎஸ்-புரோபர் என்ற சின்ன நிரல் செய்கிறது. 2021-இல் வந்த கிரப் 2.06-லிருந்து, பாதுகாப்புக் காரணத்தால் அதை இயல்பாக அணைத்து வைத்துவிட்டார்கள். கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை அனுமதிக்கும் வரி ஒன்று இருக்கும், அதைச் செயல்படுத்தி கிரப்பைப் புதுப்பித்தால் விண்டோஸ் வந்துவிடும்.

அதற்கு முன் ஒரு சோதனை. கணினியை ஆன் செய்ததும் எஃப்12-ஐயோ உங்கள் தயாரிப்பாளர் வைத்திருக்கும் வேறு விசையையோ தட்டிப் பூட் மெனுவை வரவழையுங்கள். அங்கே விண்டோஸ் பூட் மேனேஜர் என்று ஒரு வரி இருக்கும். அதில் எண்டர் தட்டுங்கள். விண்டோஸ் வந்துவிட்டால் மனம் அமைதியாகும், கிரப்பை நிதானமாகச் சரிசெய்யலாம்.

20 நவம்பர்

நேற்று எழுதியதைப் படுக்கையில் யோசித்துக்கொண்டிருந்தேன். கிரப் மெனுவில் விண்டோஸைச் சேர்க்கத்தான் வேண்டுமா?

பிட்லாக்கர் ஆன் செய்திருப்பவர்களுக்கு வேண்டாம் என்றே இப்போது சொல்வேன். செக்யூர் பூட்டோடு கிரப் வழியாக விண்டோஸுக்குப் போனால், வழியில் கிரப்புக்கு முன் ஓடும், மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட லினக்ஸின் ஷிம் கோப்பும் அதன் சான்றிதழும் டிபிஎம் அளவில் சேர்ந்துகொள்ளும். விண்டோஸ் நேராகக் கிளம்பும்போது இருந்த அளவு இது இல்லை. சில கணினிகளில் ஒவ்வொரு முறையும் 48 இலக்கம் கேட்டு உயிரை வாங்கும். பூட் மெனு விசையில் தேர்ந்தெடுத்தால் இந்தப் பிரச்சினையே எழாது. லினக்ஸை முதலில் வைத்து, விண்டோஸ் வேண்டும்போது மட்டும் விசையைத் தட்டும் பழக்கத்துக்கு நான் மாறிப் பல காலம் ஆகிறது. பிட்லாக்கர் இல்லாதவர்கள் கிரப் மெனுவையே வைத்துக்கொள்ளலாம், ஒரு குறையும் இல்லை.

23 நவம்பர்

"லினக்ஸுக்குப் போய்விட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் தப்பாக ஓடுகிறது."

மதர்போர்டு கடிகாரத்தில் இருக்கும் நேரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் இடத்துக்கும் பொது நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு தள்ளிப்போகும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து லேப்டாப்பைப் பிரிக்க வேண்டாம். நேரம் தப்பானால் பிரவுசரில் பாதுகாப்புச் சான்றிதழ் பிழைகள் வரும், அதைப் பார்த்து வைரஸ் என்று வேறு பயப்படுவார்கள்.

இரண்டில் ஒன்றை மாற்றினால் போதும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவது ஒரே கட்டளை, ஆனால் மாற்றியதும் அந்தக் கருவியே எச்சரிக்கை காட்டும். பருவத்துக்கேற்ப நேரத்தை மாற்றும் நாடுகளில் இரண்டு ஓஎஸ்ஸும் ஆளுக்கொரு முறை திருத்தி நேரம் இரட்டிப்பாக நகரும். விண்டோஸை ரெஜிஸ்ட்ரி (அதன் உள் அமைப்புப் பதிவேடு) வழியாகப் பொது நேரத்துக்குக் கொண்டுவருவதுதான் எனக்குப் பிடித்த வழி. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடாதீர்கள், குழப்பம் திசை மாறி அப்படியே இருக்கும்.

27 நவம்பர்

ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார்: "அப்டேட் எதுவும் செய்யாது என்கிறீர்கள். 2024 ஆகஸ்டில் என் லினக்ஸ் கிளம்பவே இல்லையே?"

நியாயமான கோபம். அதை விளக்காமல் இந்த இழை முழுமையாகாது.

2024 ஆகஸ்ட் 13-ஆம் தேதி வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டில் எஸ்பாட் என்ற ஒரு பட்டியல் இருந்தது. பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய பூட்லோடர்களைச் செக்யூர் பூட் ஏற்கக் கூடாது என்று சொல்லும் பட்டியல் அது. கிரப்பில் 2022-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை ஒன்றை அடைப்பது நோக்கம். டூயல் பூட் கணினிகளுக்கு இது போகாது என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் டூயல் பூட் என்று கண்டுபிடிக்கும் சோதனை எல்லா வகை அமைப்புகளையும் பிடிக்கவில்லை. பலருடைய லினக்ஸ், பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற ஒற்றை வரியைக் காட்டிவிட்டு அணைந்தது. 2025 மே மாத அப்டேட்களில்தான் அது முறையாகச் சரிசெய்யப்பட்டது.

ஆக, வரிசை மாறுவது ஒரு வகை, இது வேறு வகை. இங்கே லினக்ஸைக் கிளம்ப விடாமலே தடுத்தது. ஆனாலும் கவனியுங்கள், லினக்ஸ் பார்ட்டிஷனில் எதுவும் அழியவில்லை. செக்யூர் பூட்டைக் கொஞ்ச நேரம் அணைத்து, லினக்ஸுக்குள் போய் அந்த எஸ்பாட் பட்டியலை நீக்கி, ஷிம்மையும் கிரப்பையும் புதுப்பித்து, திரும்ப ஆன் செய்தவர்கள் எல்லாக் கோப்புகளோடும் வேலையைத் தொடர்ந்தார்கள். அந்த வாரம் அவசரப்பட்டு டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாகப் போட்டவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறை: லினக்ஸ் பக்கமும் அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். மாதக்கணக்கில் லினக்ஸைத் திறக்காமல் விண்டோஸை மட்டும் புதுப்பித்துக்கொண்டே வந்தால் பூட்லோடர் பழசாகவே நிற்கும்.

30 நவம்பர்

அப்டேட்டுக்குப் பிறகு நேராக விண்டோஸ் வந்தால் நான் செய்யும் வரிசை.

முதலில் பூட் மெனு விசை. லினக்ஸ் பெயர் அங்கே இருந்தால் பிரச்சினை வரிசையில் மட்டும்தான், பயாஸில் மேலே ஏற்றிவிட்டால் ஆயிற்று. விசையைச் சரியான நொடியில் தட்ட முடியவில்லை என்றால், விண்டோஸுக்குள் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். நிதானமாக உள்ளே போகலாம்.

பெயரே இல்லை என்றால் மதர்போர்டு நினைவகத்திலிருந்து அந்தப் பதிவு நீங்கியிருக்கிறது. பயாஸை அப்டேட் செய்தாலோ ரீசெட் செய்தாலோ இது நடக்கும், சில தயாரிப்பாளர்களின் ஃபர்ம்வேர், அதாவது பயாஸ் நிரல், விண்டோஸ் தவிர வேறு பெயரை நினைவில் வைக்கவே அடம்பிடிக்கும். அப்போதும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் ஃபோல்டர் அப்படியே இருக்கும். சில பயாஸில் அந்தக் கோப்பைக் காட்டிப் புதிய பதிவு சேர்க்க வழி உண்டு. இல்லாவிட்டால் லைவ் பென்டிரைவில் கிளம்பி கிரப்பை மறுபடி பதியுங்கள், சில நிமிட வேலை. அதனால் இன்ஸ்டால் முடிந்ததும் அந்தப் பென்டிரைவை அழித்துப் பாட்டு ஏற்ற வேண்டாம், மேசை டிராயரில் கிடக்கட்டும்.

ஃபோல்டரும் இல்லை என்றால் மட்டும் கொஞ்சம் கவலைப்படலாம். அப்போதும் லினக்ஸ் பார்ட்டிஷன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் தெரிகிறதா என்று பாருங்கள். அது டிரைவ் எழுத்து இல்லாமல் தெரியும். "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா" என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுங்கள். விண்டோஸுக்கு லினக்ஸ் பார்ட்டிஷனின் எக்ஸ்ட்4 வடிவத்தைப் படிக்கத் தெரியாது, அதனால்தான் கேட்கிறது.

3 டிசம்பர்

வர்ச்சுவல் மெஷின் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

கட்டளைகள் பழகவும் பைத்தான் எழுதவும் மட்டும் என்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் மைக்ரோசாஃப்ட்டின் டபிள்யூஎஸ்எல் போதும், 16 ஜிபி ரேமில் நன்றாகவே ஓடும். பார்ட்டிஷன் வெட்ட வேண்டியதில்லை. முதல் நாளே இதை அழுத்திச் சொல்லியிருக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் கேள்வி கேட்டவருடைய அடுத்தடுத்த கேள்விகளைப் பார்த்தால் லினக்ஸை முழுதாகப் புழங்க ஆசைப்படுகிறவர் என்று தெரிகிறது. டெஸ்க்டாப்பையும் வைஃபையையும் தூக்கத்திலிருந்து எழுவதையும் அதன் போக்கில் பார்க்க வேண்டுமென்றால், நேரடியாக வன்பொருளில் ஓட விடுவதற்கு மாற்று கிடையாது. 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் ஒன்றுக்குள் ஒன்றை ஓட்டினால் இரண்டும் மூச்சு வாங்கும், அங்கேயும் டூயல் பூட்டே மேல்.

கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காது, 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது என்று தவிப்பவர்கள் இன்னொரு கூட்டம். அவர்களுக்கு என் ஆலோசனை: இணையத்தில் செய்யும் வேலை எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றுங்கள், விட முடியாத அந்த ஒரு மென்பொருளுக்காக மட்டும் விண்டோஸ் 10-ஐ இணையம் இல்லாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

4 டிசம்பர்

இரண்டுக்கும் பொதுவாக ஒரு பார்ட்டிஷன் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: வைக்கலாம், என்டிஎஃப்எஸ்ஸிலேயே வையுங்கள். லினக்ஸ் கர்னல் 5.15-லிருந்து அதைப் படிக்கவும் எழுதவும் கர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கிறது. படம், பாட்டு, பிடிஎஃப் எல்லாம் சரி. புரோகிராமிங் புராஜெக்டுகளை மட்டும் லினக்ஸ் பக்கத்திலேயே வையுங்கள். கோப்பு அனுமதிகள், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் என்று புரியாத இடங்களில் இடிக்கும். ஒன்றை ஹைபர்னேட் செய்துவிட்டு மற்றதைக் கிளப்புவதும் கூடாது.

9 டிசம்பர்

இரண்டு எஸ்எஸ்டி போட இடமிருந்தால் ஆளுக்கு ஒன்று கொடுப்பதுதான் நிம்மதி. ஆனால் தனி டிஸ்க்கில் போட்டால் எல்லாம் தனியாகவே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலர், நீங்கள் இரண்டாவது டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தாலும், பூட்லோடரை முதல் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் கொண்டுபோய் வைத்துவிடும். பின்னால் முதல் டிஸ்க்கைக் கழற்றினால் லினக்ஸ் கிளம்பாது. முடிந்தால் இன்ஸ்டால் செய்யும் நேரம் மட்டும் விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள், அல்லது பயாஸில் முடக்கி வையுங்கள்.

14 டிசம்பர்

லினக்ஸ் வேண்டாம் என்று முடிவெடுத்த ஒருவர் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்தப் பார்ட்டிஷனை டிலீட் செய்துவிட்டார். ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரையில் கிரப் என்ற எழுத்தும் மினுக்கும் கோடும் மட்டும்.

கிரப்பின் முதல் துண்டு இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கிறது, அதன் மெனுவும் மற்ற பாகங்களும் லினக்ஸ் பார்ட்டிஷனில் இருக்கின்றன. இரண்டாவதை அழித்துவிட்டதால் முதல் துண்டு எழுந்து வந்து கை பிசைந்து நிற்கிறது. விண்டோஸ் பத்திரமாக இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு, பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள். நீக்க நினைப்பவர்கள் முதலில் பயாஸில் விண்டோஸை மேலே ஏற்றுங்கள், அப்புறம் பார்ட்டிஷனை அழியுங்கள், கடைசியாக இஎஃப்ஐ பார்ட்டிஷனில் மிஞ்சிய லினக்ஸ் ஃபோல்டர். அந்த இஎஃப்ஐ பார்ட்டிஷனையே அழித்துவிடாதீர்கள், விண்டோஸின் பூட்லோடரும் அங்கேதான் இருக்கிறது.

21 டிசம்பர்

2026 ஜூனில் செக்யூர் பூட் சான்றிதழ் காலாவதியாகிறது, அன்றைக்கு லினக்ஸ் எல்லாம் நின்றுவிடும் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை. லினக்ஸின் ஷிம் கோப்புக்குக் கையெழுத்திடப் பயன்படும் மைக்ரோசாஃப்ட்டின் 2011 சான்றிதழுக்கு அந்த மாதம் காலம் முடிகிறது. ஆனால் கிளம்பும்போது ஃபர்ம்வேர் பொதுவாகக் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை, ஏற்கெனவே கையெழுத்தான ஷிம் தொடர்ந்து கிளம்பும். இனி வரும் ஷிம்கள் 2023 சான்றிதழில் கையெழுத்தாகி வரும்போது, அந்தப் புதிய சான்றிதழ் உங்கள் மதர்போர்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸ் அப்டேட் வழியாகவும், லினக்ஸில் ஃபர்ம்வேர் அப்டேட் கருவி வழியாகவும் அது வருகிறது. தயாரிப்பாளர் பயாஸ் அப்டேட் கொடுத்திருந்தால் போட்டுவிடுங்கள். போடும் முன் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள், போட்ட பிறகு பூட் வரிசையை ஒரு முறை பாருங்கள்.